இருபத்து மூன்று நிமிடப் புதன்கிழமை

முள்ளிப்பட்டில் புதன்கிழமை குறையத் தொடங்கிய வாரத்தில் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய், கத்தரிக்காய் நாற்பது. முதல் தடவை போனது பதினோரு நிமிடம்தான். புதன்கிழமை அந்த ஊருக்குச் சந்தை நாள், பட்டுத்தறிக்காரர்களுக்குக் கூலி நாளும் அதுவே. அன்று வாங்க ஆள் குறைவாக இருந்ததால் வியாபாரிகள் சீக்கிரமே சாக்கை மடித்தார்கள். அவர்கள் மடித்ததைப் பார்த்துச் சூரியனும் மடித்துக்கொண்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டீக்குப் பதினோரு நிமிடத்தைத் தொலைக்காதவர் நம்மில் யார்? அடுத்த வாரம் பத்தொன்பது நிமிடம் போனது, தீபாவளிக்குள் மூன்று மணி நேரம். ஈரத் துணியை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கியதுபோல அந்த நாள் காலைப் பக்கமும் மாலைப் பக்கமும் சுருங்கியது. சந்தைக் கூட்டம் நெரிகிற காலை பத்து மணி மட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஒரு மாசி மாதத்தில் அதுவும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை படுத்த முள்ளிப்பட்டு வியாழக்கிழமை எழுந்து பல் தேய்த்தது.

போன நேரம் வீணாகப் போகவில்லை, பக்கத்தில் ஆரணியில் சேர்ந்தது. ஆரணி பெரிய ஊர் என்பதால் தலைக்குத் தலை பங்கு போனதில் அவர்களுக்கு ஒன்பது மணி நேரம்தான் தேறியது. ஆரணியின் புதன்கிழமை முப்பத்து மூன்று மணி நேரமாயிற்று. முதல் மாதம் அவர்களுக்கு ஒரே பெருமை. இரண்டாம் மாதம் நான்காவது வேளைக்கு என்ன சமைப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை. மூன்றாம் மாதம்தான் கடைக்காரர்களுக்கு உறைத்தது: கடை முப்பத்து மூன்று மணி நேரமும் திறந்திருக்கிறது, வாங்குவதற்கு முள்ளிப்பட்டுக்காரன் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அட்டை. நோட்டு செல்லாமற்போன அந்த நவம்பரில் கூலி கொடுக்க எந்த முதலாளியிடமும் சில்லறை இல்லை. ஆரணி, முள்ளிப்பட்டு, பெரணமல்லூர் மூன்று ஊர்க்காரர்களும் கூடிச் சங்கம் வைத்தார்கள். புடவைக் கரைக்கு டிசைன் போட ஜக்கார்டு பெட்டியில் ஓடித் தேய்ந்த பழைய அட்டைகளை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஏழு துளை அடித்து, ஒன்று நூறு ரூபாய் என்று பேசிக்கொண்டார்கள். அரசாங்கத்துப் பணம் திரும்பி வந்த பிறகும் அட்டை போகவில்லை. மளிகைக்கும் அட்டை, முடிவெட்டவும் அட்டை, சாமி உண்டியலிலும் அட்டை. துளை அடிக்கும் மிஷின் ஆரணியில் சங்கத்துப் பூட்டுக்குள் இருந்தது. எந்த ஊரும் தன்னிஷ்டத்துக்கு அட்டை அடிக்கக் கூடாது என்பது முதல் விதி. எந்த ஊரும் தெருவிளக்கு, சந்தைக் கொட்டகை போன்ற பொதுச் செலவில், வரவுக்கு மேல் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாம் விதி. ஏன் மூன்று என்று அன்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்தபோது தட்டில் மூன்று போண்டா மீதி இருந்தது என்று ஒரு பேச்சு உண்டு.

நல்ல வருஷங்களில் ஆரணிக்காரர்கள் மிச்சம் பிடித்தார்கள். மிச்சம் பிடித்த அட்டை பெட்டியில் கிடந்து மக்கிப் போகுமே என்று முள்ளிப்பட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். முள்ளிப்பட்டு அதை வாங்கி, தகர ஷீட்டு போட்டது, பைக் எடுத்தது, ஆரணிக் கடைகளில் கிரைண்டர் வாங்கியது. கொடுத்த பணம் தம் கடைக்கே திரும்பி வந்ததில் ஆரணிக்குச் சந்தோஷம், கிரைண்டர் ஓடியதில் முள்ளிப்பட்டுக்குச் சந்தோஷம். பிறகு கல்யாணமே நடக்காத அந்தத் தொற்றுநோய் வருஷங்கள் வந்தன. பட்டு விற்கவில்லை. ஆரணி பயந்துபோய்க் கடனைத் திருப்பிக் கேட்டது. முள்ளிப்பட்டு பயந்துபோய் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் திருப்பியது. திருப்பி வாங்கிய ஆரணி இன்னும் பயந்து அதைச் செலவழிக்காமல் பூட்டி வைத்தது. காய்க்காரி பூ வாங்கவில்லை, பூக்காரி எண்ணெய் வாங்கவில்லை, எண்ணெய்க்காரன் காய் வாங்கவில்லை. மூன்று பேருமே புத்திசாலிகள். இப்படி எல்லோரும் ஒரே சமயத்தில் புத்திசாலியானதில்தான் புதன்கிழமை போயிற்று.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பதை முள்ளிப்பட்டு நிரூபித்தது. டிவி சீரியலில் புதன்கிழமை எவனாவது செத்தால் வியாழக்கிழமை ஆரணிச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு எப்படிச் செத்தான் என்று கேட்டுக்கொண்டார்கள். மாடுகளுக்குக் கடன் இல்லாததால் அவற்றுக்கு மட்டும் புதன்கிழமை முழுசாக இருந்தது. வியாழக்கிழமை அவை கோபமாக நின்றன. அருணகிரி என்ற நெசவாளி மட்டும் சாமர்த்தியம் பண்ணிப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஆரணியில் மச்சான் வீட்டில் போய்ப் பாய் விரித்தான். எழுந்தபோது வியாழக்கிழமை. புதன்கிழமை முழுக்கப் பாய் மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை என்று மச்சான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஆக, எங்கே படுத்தாலும் முள்ளிப்பட்டுக் கணக்கில் பெயர் இருக்கிறவனுக்குப் புதன் கிடையாது என்று ஊர் தெரிந்துகொண்டது. அதிகம் கஷ்டப்பட்டவர் பத்மகுமார நயினார். ரிட்டயரான கணக்கு வாத்தியார், சங்கத்தில் முள்ளிப்பட்டுக் கணக்கு அவர் பொறுப்பு. ஜைனர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். புதன்கிழமை குறுகிக்கொண்டு வந்த மாதங்களில் அவருடைய ராத்திரிச் சாப்பாடு நான்கு மணிக்கு, இரண்டு மணிக்கு, பதினொன்றரைக்கு என்று முன்னேறி, கடைசியில் காலை இட்லியோடு சேர்ந்துவிட்டது.

குணசுந்தரிக்குப் புதன்கிழமையைப் பற்றி முதலில் அக்கறை இல்லை. அவளும் புருஷன் ஜெயவேலும் ஆளுக்கொரு தறியில் நெய்தார்கள். ஒரே பெண் பவித்ரா ஆரணியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்தாள். அவளுக்கு ஆரணியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் ஆகாஷ், துபாய் வேலைக்கு விசா வந்திருந்தது. ஜாதகம் பார்த்தவர் ஆவணி பதினெட்டு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று எழுதிக் கொடுத்தார். அதை விட்டால் பையனுக்கு இரண்டு வருஷம் நாள் இல்லை. பையனும் அந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏற வேண்டும். குணசுந்தரி மஞ்சள் தடவிய சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினாள். ஆவணி பதினெட்டு புதன்கிழமை.

மாப்பிள்ளையின் அம்மா சசிகலா மறுநாளே போன் செய்தாள்.

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் முப்பத்து மூணு மணி நேரம் கீது, உங்க பக்கம் ஒரு நிமிசம் இல்ல. பொண்ணே இல்லாம தாலிய யாரு கழுத்துல கட்டறதுங்க?"

"ஆவணிக்குள்ள வந்துடும்ங்க."

"இன்னாது வந்துடும்?"

"புதன்கெழமைங்க."

"வரலன்னா சொல்லிடுங்க. சேத்துப்பட்டுல ஒரு பொண்ணு பாத்து வச்சிகினு கீறோம். அவங்களுக்கு ஏழு நாளும் கீதாம்."

குணசுந்தரி நயினார் வீட்டுக்கு ஓடினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வீட்டில் எவ்வளவு அட்டை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அரிசி டிரம்முக்குள் இருநூற்று நாற்பது இருப்பதாக அவள் மெல்லச் சொன்னாள். ஜெயவேலுக்குக்கூடத் தெரியாத தொகை அது. நயினார் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்போ நாப்பது நிமிஷம் உன்னாலதாம்மா போச்சு."

"பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்தேன் சார்."

"எல்லாரும் அதுக்குத்தாம்மா சேத்தாங்க."

அவர் அதைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தம் வீட்டு பீரோவில் பேத்தி மஹிமாவின் படிப்புக்கென்று வைத்திருந்த அட்டைகள் ஐம்பது நிமிடம் தின்றிருந்தன என்பதை அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார்.

முதலில் இருவரும் சங்கத்துக்குத்தான் போனார்கள். சங்கத் தலைவர் தனகோடி ஆரணியில் பாத்திரக்கடை நடத்துகிறவர், கெட்டவர் அல்ல. நயினார் நியாயத்தை விளக்கினார்: முள்ளிப்பட்டுச் சந்தைக் கொட்டகை இடிந்து கிடக்கிறது, சங்கம் அதைக் கட்ட அனுமதித்தால் நாற்பது பேருக்குக் கூலி, அந்தக் கூலியில் நாற்பது வீட்டில் குழம்பு, அந்தக் குழம்பில் பாதிப் புதன்கிழமை திரும்பிவிடும், உங்கள் கடையிலும் குடம் விற்கும். தனகோடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நீங்க சொல்றது கரெக்டு சார். ஆனா உங்க ஊரு நூத்துக்கு ஒம்பதுல நிக்குது. மூணுக்கு வரட்டும், கொட்டாய் கட்டிக்கலாம்."

"கொட்டா கட்டினாத்தான் மூணுக்கு வரும்."

"புரியுது சார். ரூல்ஸ்ல அது இல்லியே."

"உங்க கடையில எப்பங்க கடைசியா குடம் வித்துது?" என்று குணசுந்தரி கேட்டாள்.

"அதையேம்மா கேக்கற, பேஜாரா கீது," என்றார் தனகோடி. கூட இருந்த பெரணமல்லூர்ப் பிரதிநிதி, எப்போதும்போல, தலைவர் சொல்வதுதான் தன் கருத்தும் என்றார்.

ஆகவே குணசுந்தரி தானே செலவழித்துப் புதன்கிழமையைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தாள். ஆவணி பிறந்ததும் அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள். பந்தல் போட அருள்தாஸுக்கு அறுபது அட்டை, சமையலுக்கு முத்துவேலுக்குத் தொண்ணூறு, பூவுக்கு விருத்தாம்பாளுக்கு இருபத்தைந்து, மீதி மளிகைக்கு. எல்லாம் முன்பணம், எல்லாம் உள்ளூர். நயினார் நாற்பது நிமிடம் வரும் என்றார். அந்த வாரம் புதன்கிழமை வந்தது, நான்கு நிமிடம். மாதங்களாக அந்த நாளைப் பார்க்காத ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்து வெயிலைத் தொட்டுப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜெயவேல் டீயை வாயில் வைத்தது புதன்கிழமை, விழுங்கியது வியாழக்கிழமை.

மீதி எங்கே போனது என்று குணசுந்தரி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாள். அருள்தாஸின் அறுபதையும் சங்கம் கடன் பாக்கிக்குப் பிடித்துக்கொண்டது, அது ஆரணிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டது. மளிகைக்காரரின் கதையும் அதேதான். முத்துவேல் அட்டையைச் செலவே செய்யவில்லை.

"எனக்கும் பொண்ணு கீதேக்கா. அரிசி டிரம்முல போட்டுட்டேன்."

"எடுத்து எதுனா வாங்குடா பாவி. என் பொண்ணு கல்யாணம் நிக்குது."

"நீ சொல்ற, நான் வாங்கறேன். நாளைக்கு எனக்கு யாரு வாங்குவா?"

குணசுந்தரியே ஆறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது.

பூக்காரி விருத்தாம்பாள் மட்டும் வேறு மாதிரி. இருபத்தைந்து அட்டையை வாங்கிய கையோடு, அதை அப்படியே குணசுந்தரியிடம் திருப்பி நீட்டியிருந்தாள்.

"எம்மவன் கல்யாணத்துக்கு நீ மொய் எழுதின இல்ல? அதுக்குப் பதில் மொய். இப்பவே வச்சிக்க. கையில வச்சிருந்தா கடன்காரன் தூக்கிகினு பூடுவான்."

"மொய்யத் தூக்க மாட்டானா?"

"மொய்ல கை வச்சவன் ஊட்டுக் கல்யாணத்துக்கு எவன் போவான்?"

குணசுந்தரி அந்த இருபத்தைந்தை வைத்துக்கொள்ளாமல் எண்ணெய்க்காரரிடம் கொடுத்து எண்ணெய் வாங்கியிருந்தாள். நான்கு நிமிடமும் அந்த இருபத்தைந்து அட்டையால் வந்தவை என்று நயினார் கண்டுபிடித்தபோது, கணக்கு வாத்தியாராக நாற்பது வருஷத்தில் அடையாத கிளர்ச்சியை அடைந்தார். எழுந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மொய்யைக் கடன்காரன் தொட மாட்டான். மொய் வர வேண்டிய வீட்டுக்கு மொய் வைக்காமல் இருக்கவும் யாராலும் முடியாது. பெட்டியிலும் போகாமல், டிரம்மிலும் விழாமல் ஊருக்குள்ளேயே சுற்றக்கூடிய ஒரே பணம் அதுதான்.

அன்றிலிருந்து முள்ளிப்பட்டில் நடந்ததை வெளியூர்க்காரன் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பான். குணசுந்தரி எண்ணெய்க்கு இருபத்தைந்து கொடுப்பாள், எண்ணெய்க்காரர் அதையே மொய்யாக எழுதுவார். அவள் அதை வாழை இலைக்குக் கொடுப்பாள், இலைக்காரர் மொய்யாக எழுதுவார். அதே அட்டை மேளக்காரரிடம் போகும், மேளம் மொய்யாகத் திரும்பும். கேலிக்குப் பேர்போன அருள்தாஸ், "அக்கா, இந்த அட்டைக்குக் கால் வலிக்கப்போவுது," என்றான். ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நிமிடம் போலச் சேர்ந்தது. சூடு பிடித்ததில் முத்துவேல்கூட டிரம்முக்குள் கை விட்டு எட்டு அட்டை எடுத்துத் தன் பெண்ணுக்குக் கொலுசு வாங்கிவிட்டு, அதன் பிறகு இரண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டான். கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை நடுப்பகலுக்குள் இருபத்து மூன்று நிமிடம் தேறியிருந்தது. இதே வேகத்தில் போனால் செவ்வாய் சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரத்தைத் தொடலாம் என்றார் நயினார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குச் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மொய் என்பது திருப்பித் தர வேண்டியது, திருப்பித் தர வேண்டியதெல்லாம் கடன், ஆகவே முள்ளிப்பட்டு இப்போது நூற்றுக்குப் பதினாறில் நிற்கிறது, மொய் நோட்டுகளை உடனே சங்கத்தில் ஒப்படைக்கவும். கீழே தனகோடியின் கையெழுத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் விற்காத குடங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. மூன்று மணிக்குள் முள்ளிப்பட்டில் எல்லா அட்டையும் அரிசிக்குள் இறங்கிவிட்டது. குணசுந்தரி எண்ணெய்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவளாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டாள்.

"இருபத்து மூணு நிமிசத்துல ஒரு கல்யாணம் ஆவுமா சார்?" என்று ஜெயவேல் கேட்டான்.

"ஆகும். போட்டோக்காரன் வாயைத் திறக்காம இருந்தா ஆகும்," என்றார் நயினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முள்ளிப்பட்டு முழுவதும் பட்டுக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தது. மணையில் பவித்ரா மாலையோடு உட்கார்ந்தாள். மேளக்காரர் நாயனத்தை உதட்டருகே வைத்துக்கொண்டார். குணசுந்தரி கையில் அட்சதைத் தட்டு. அப்படியே எல்லோரும் கண்ணை மூடினார்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கியபோது காலி நாற்காலிகளும் ஒரு மாடும் இருந்தன. ஆரணி ஐயர் ஒன்பது மணிக்கே ஆரம்பித்து, பெண் இல்லாமல் சொல்லக்கூடிய மந்திரங்களையெல்லாம் சொல்லி முடித்து வைத்தார். பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பந்தலுக்குள் மல்லிகை வாசனை வந்தது. அதன் பின்னாலேயே முந்நூறு பேர் வந்தார்கள்.

ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை என்று சொல்ல முடியாது. கூரைப்புடவையை மாற்றிக்கொண்டு வர ஐந்து நிமிடம். சசிகலாவின் அக்காவைக் காணோம் என்று இரண்டு நிமிடம். "ஐயரே, ஜல்தி ஜல்தி," என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னதால் ஐயருக்கு மந்திரம் மறந்து அதில் ஒரு நிமிடம். பதினெட்டாவது நிமிடம் ஆகாஷ் தாலி கட்டினான். பதினெட்டாவது நிமிடம் மேளம் கொட்டியது. ஊரே அழுதது, முத்துவேல் எல்லோரையும்விடச் சத்தமாக. போட்டோக்காரன் பெண் வீட்டார் வாங்க, மாப்பிள்ளை வீட்டார் வாங்க என்று வாயைத் திறந்தான். அதில் நான்கு போயிற்று. குணசுந்தரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் போய் அட்சதையைக் கையில் அள்ளி, "கண்ணு, அங்க போனதும் மொதல்ல," என்றாள்.

அத்தோடு அரிசி தரையில் விழுந்தது. குணசுந்தரி இல்லை, ஜெயவேல் இல்லை, மேளத்தின் சத்தம் பாதியில் இல்லை, முந்நூறு பேரும் இல்லை. பவித்ரா இருந்தாள். எல்லாவற்றையும் கணக்குப் போட்ட நயினார் இதை மட்டும் போடவில்லை: தாலி ஏறியதுமே பெண்ணின் பெயர் ஆரணிக் கணக்குக்குப் போய்விட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் அம்மா நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நாளில் இன்னும் இருபது மணி நேரத்துக்கு மேல் மீதி இருந்தது. சசிகலா அருகில் வந்து, மருமகளின் முதுகில் கை வைத்தாள். வியாழக்கிழமை காலை பந்தலில் கண்விழித்த குணசுந்தரி, எதிரே யாரும் இல்லாத மணையைப் பார்த்து, "சாமி விளக்கேத்து," என்று வாக்கியத்தை முடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆகாஷ் விமானம் ஏறினான். சுற்றறிக்கைப்படி மொய் நோட்டு சங்கத்துக்குப் போனது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அத்தனையும் குணசுந்தரி திருப்ப வேண்டியவை. அவள் மறுபடியும் அரிசி டிரம்மைத் துடைத்துச் சேர்க்கத் தொடங்கினாள். வேறு வழி தெரிந்திருந்தால் செய்திருப்பாள், வேறு வழி நயினாருக்கும் தெரிந்திருந்தது, தனகோடிக்கும் தெரிந்திருந்தது, விதியில்தான் இல்லை. புதன்கிழமை நான்கு நிமிடத்துக்குக்கூடத் திரும்ப வரவில்லை. ஊரில் இப்போது அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வாரத்துக்கு ஆறு நாள் என்றே ஒப்பிக்கிறார்கள், டீச்சரும் மார்க் போடுகிறாள்.

பவித்ராவுக்கு மற்ற நாட்களில் லேபும் மாமியார் வீடும் சரியாக இருக்கும். ஒழிவது புதன்கிழமையின் கூடுதல் ஒன்பது மணி நேரம்தான். அதில் அவள் பஸ் பிடித்து முள்ளிப்பட்டுக்கு வருகிறாள். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நிலைப்படி மேலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, வீட்டைப் பெருக்கி, அம்மாவின் தறியில் உட்கார்ந்து ஒரு சாண் நெய்துவிட்டுப் போகிறாள். முதல் வாரம் குணசுந்தரி அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தறியில் ஏறாமல் நின்றாள். பெண்ணுக்குக் கை கொஞ்சம் பலம், குறுக்கு நூலான ஊடையை இறுக்கி அடிக்கிறாள். பிரித்துத் திரும்ப நெய்யலாமா என்று ஜெயவேல் கேட்டான். "வுடு, இருக்கட்டும்," என்று அந்த ஒரு சாணுக்கு மேலிருந்து அவள் தன் நெசவைத் தொடர்ந்தாள். இப்போது அந்தத் தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புடவையிலும், கை வைத்துத் தடவினால், நடுநடுவே ஒரு சாண் அகலம் அழுத்தமாகத் தெரியும். முதலாளி அளந்து பார்த்து எடுத்துக்கொள்கிறார். ஆரணிக் கடைகளில் அவை மற்றப் புடவைகளோடுதான் இருக்கின்றன. விலையில் வித்தியாசம் இல்லை.